நான் படிக்காமல் விட்ட ஆறு பக்கங்கள்

“எந்த வரியில அப்படி எழுதியிருக்கு? தொட்டுக் காட்டு, பாப்பா.”

என் படிப்பைச் சந்தேகித்து ஒருவர் கேட்ட முதல் கேள்வி இது. அப்போது எனக்குப் பத்து வயது. கேட்டவருக்கு எழுத்துத் தெரியாது. நான் ஒரு வரியைத் தொட்டுக் காட்டினேன். அவர் குனிந்து அந்த வரியை வெகுநேரம் பார்த்தார். பிறகு என் முகத்தைப் பார்த்தார்.

வீட்டில் முதலாவதாகப் படித்தவர்கள் நம்மில் பலர் இருக்கிறோம். நான் சொல்வது உங்களுக்குப் புரியும். தந்தி வந்தால் நாம் என்ன சொல்கிறோமோ அதுதான் தந்தி. ஊரிலிருந்து வரும் கடிதத்தில் சித்தப்பா திட்டியிருந்தால் அதை விழுங்கிவிட்டு, எல்லோரும் சௌக்கியம் என்று படிப்போம். நமக்குப் பின்னால் நின்று சரிபார்க்க ஒருவரும் கிடையாது. என் வீட்டில் எனக்கு முன்னால் யாரும் கையெழுத்துப் போட்டதில்லை; ரயில்வே பட்டறைச் சம்பள நாளில் அப்பா கட்டைவிரலைத்தான் உருட்டுவார். ஆகையால் நான் படித்தவள் என்பதில் எனக்குப் பெருமை உண்டு. இன்றும் உண்டு. அதை மறைத்துக்கொண்டு இதை எழுத முடியாது.

அந்த வருஷம் மார்கழியில் சிகந்தராபாத் லாலாகூடாவில் நாங்கள் குடியிருந்த ரயில்வே லைன் வீடுகளில் எலி விழ ஆரம்பித்தது. முதலில் குழாயடியில் ஒன்று. மறுநாள் எங்கள் அடுப்புக்குப் பின்னால் ஒன்று, வாயைத் திறந்தபடி. எலி செத்து விழுந்தால் பிளேக், அடுத்தது மனிதர்கள் என்று எல்லோருக்கும் தெரியும். சர்க்கார் டாக்டர் வந்து பார்த்தார். இரண்டே நாளில் எங்கள் லைன் குடும்பங்களை மல்காஜ்கிரிக்கு அப்பால் ஒரு பொட்டல்வெளிக்கு மாற்றிவிட்டார்கள். மூங்கில் தட்டியும் தகரமும் வைத்த குடிசைகள், வரிசை வரிசையாக. ஆளுக்கொரு ஊசி. கை வீங்கி, காய்ச்சல் கண்டு, எல்லாக் குடிசையிலிருந்தும் முனகல் கேட்ட அந்த இரண்டு நாள் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. அதன்பின் ஆண்கள் வழக்கம்போல் விடியலில் நடந்து பட்டறைக்குப் போனார்கள். பள்ளிக்கூடம் மூடிவிட்டது. பெண்களும் நாங்களும் பகல் முழுவதும் வேலையில்லாமல் கிடந்தோம்.

லைன் வீடுகளைச் சுத்தம் செய்ய ஓர் ஆள் மட்டும் உள்ளே போய்வந்தார். அவரை நாங்கள் மருந்து மாமா என்போம். பட்டறையில் கிரேன் சங்கிலி விழுந்து இடது கால் நசுங்கியவர். அதிலிருந்து அவருக்கு லேசான வேலைதான் கொடுப்பார்கள். அந்த வருஷம் கொடுத்த லேசான வேலை இது. ஓடுகளைப் பிரித்து வீட்டுக்குள் வெயில் விழச் செய்ய வேண்டும். பினாயில் தெளிக்க வேண்டும். செத்த எலிகளை இடுக்கியால் எடுத்துக் கொளுத்த வேண்டும். காலையில் கோணியோடு போவார். சாயங்காலம் காலை இழுத்துக்கொண்டு, அதே கோணியில் யாராவது கேட்ட சாமானோடு வருவார். அவசரத்தில் விட்டுவிட்டு வந்த சாமான்கள். ஒருவருக்குக் காபி பில்டர். ஒருவருக்குக் கல்யாணப் போட்டோ. என் அம்மா கேட்டது அம்மிக்குழவி.

“ஏம்மா, நான் என்ன மாட்டு வண்டியா?” என்றார் மாமா, குழவியைத் தோளிலிருந்து இறக்கும்போது.

“அம்மி இங்க யார்கிட்டயாவது கிடைக்கும். குழவி கை பழகினதா இருக்கணும்,” என்றாள் அம்மா, கொஞ்சமும் இரக்கமில்லாமல்.

குழவி பல நாள் பினாயில் வாடை அடித்தது. சட்னியிலும் அடித்தது. அந்த வாடை இன்றைக்கு ஆஸ்பத்திரி வாசலில் மூக்கில் ஏறினாலும் எனக்குத் தேங்காய்ச் சட்னிதான் நினைவுக்கு வரும்.

எல்லோரும் ஓடிவந்துவிட்ட வீடுகளுக்குள் தினமும் போய், தினமும் உயிரோடு திரும்பும் மனிதரைப் பற்றிப் பேச்சு எழாமல் இருக்குமா? அவரிடம் ஏதோ மந்திரம் இருக்கிறது என்றார்கள். அவரும் இல்லை என்று சொல்வதில்லை. உதட்டைச் சுழித்து ஒரு சிரிப்புச் சிரிப்பார். பிடிக்காதவர்கள் கேட்ட சாமானை வேண்டுமென்றே இரண்டு நாள் மறந்துவிட்டு வருவார். ஒருமுறை ஒரு குடிசையில் சேவல் ஒன்றைத் தாயத்துக்கு ஈடாக வாங்கிக்கொண்டார். அந்தத் தாயத்துக்குள் இருந்தது பழைய ரயில் டிக்கெட்டின் துண்டு. எனக்கு அதைக் காட்டிவிட்டுத்தான் மடித்தார். நல்லவர் என்று மட்டும் சொல்லி நான் தப்பித்துக்கொள்ள முடியாது. அவருக்குத் தன்னைக் கண்டு பிறர் பயப்படுவது பிடித்திருந்தது.

அந்தப் புத்தகத்தை எனக்குக் கொண்டுவந்தவரும் அவர்தான். மாற்றலாகிப் போன ஒரு ரயில் கார்டு காலி செய்த அறையில், பரண்மேல் கிடந்ததாம். அட்டையில்லை, ஆகவே பெயர் தெரியாது. பெரிய பெரிய எழுத்து, மஞ்சளேறிய தாள்.

“பாப்பா, இதுல என்ன இருக்குன்னு படிச்சுச் சொல்லு. படம் போட்டிருக்கு, தாடிக்காரன் ஒருத்தன். யாருன்னு எனக்குத் தெரியணும்.”

தாடிக்காரன் ஒரு மந்திரவாதி. மலைமேல் இருப்பவன். கீழே நகரத்தில் கொள்ளைநோய் வருகிறது. ராஜா அவனை அழைக்கிறான். நோயை விரட்ட அவனால் முடியும். ஆனால் அவன் கற்ற வித்தைக்கு ஒரு விதி: ஒன்பது வீட்டை நோயிலிருந்து மீட்டால் பத்தாவது வீட்டை நோய்க்கு விட்டுக்கொடுக்க வேண்டும். அந்தப் பத்தாவது வீடு எது என்று அவனே தன் வாயால் சொல்ல வேண்டும்.

மத்தியான வேளைகளில் எங்கள் குடிசை நிழலில் பெண்கள் கூடுவார்கள். எங்கள் வடாற்காட்டுப் பக்கத்தில் கதைப் புத்தகம் படிப்பதற்கு ஒரு முறை உண்டு. புத்தகத்துக்குக் கற்பூரம் காட்டிவிட்டுத்தான் தொடங்க வேண்டும். தொடங்கிய கதையை நடுவில் விடக்கூடாது. முடிக்கிற அன்று சுண்டல் செய்து எல்லோருக்கும் கொடுக்க வேண்டும். கற்பூரம் காட்டிய பிறகு அந்தப் புத்தகத்திலிருந்து படிக்கப்படும் சொல் பொய்யாக இருக்காது என்பது அவர்கள் நம்பிக்கை. பத்து வயதுப் பெண்ணுக்கு முன்னால் அம்மா வயதுள்ளவர்கள் கற்பூரத் தட்டோடு நிற்பதை நினைத்துப் பாருங்கள். எனக்கு முதுகு தானாக நிமிர்ந்தது.

நான் படிக்கப் படிக்க விவாதம் நடக்கும்.

“ஒம்பது வீட்டைக் காப்பாத்தறானே. அவனைப் போய்க் கெட்டவன்னு எப்பிடிச் சொல்றது?” என்பாள் அம்மா.

“பத்தாவது வீட்டுல நீ இருந்தா தெரியும்,” என்பாள் பிட்டர் வீட்டு அக்கா. பட்டறை பிட்டரின் மனைவி, எங்களுக்கு அடுத்த குடிசை. மூன்று வயதில் ஒரே பையன், எப்போதும் அவள் இடுப்பில்.

“ஹவ், அதுவும் சரிதான்,” என்று போர்ட்டர் வீட்டம்மா நடுவில் புகுவாள். சிகந்தராபாத்திலேயே பிறந்து வளர்ந்தவள்; அவள் பேச்சில் ஹவ் என்றால் ஆமாம், கைக்கு என்றால் எதற்கு, நக்கோ என்றால் வேண்டாம். “ஆனா ராஜா அவனைக் கூப்பிட்டது கைக்கு? வேற வழியில்லாமத்தானே. கூப்பிட்டுட்டு அப்புறம் திட்டினா?”

“ராஜாவுக்கு இவ்ளோ பரிஞ்சு பேசறியே, உன் வீட்டுக்காரருக்கு அரண்மனையிலயா வேலை?” என்பாள் அக்கா.

“நக்கோம்மா. ஸ்டேஷன்ல மூட்டை தூக்கற வேலையே போதும்.”

மருந்து மாமா வேலை சீக்கிரம் முடிந்த நாள்களில் வந்து, தன் மேல் அடிக்கும் வாடைக்காகப் பத்தடி தள்ளி, காற்று போகும் பக்கமாக உட்காருவார். “நம்மாளு இன்னிக்கு என்ன பண்ணான், பாப்பா?” என்று கேட்பார். மந்திரவாதியை அவர் எப்போதும் நம்மாளு என்றே சொல்வார்.

கதையில் முதல் பத்தாவது வீடாக மந்திரவாதி தன் விரோதியின் வீட்டைச் சொல்கிறான். தன்னை ஒரு காலத்தில் சபையில் எல்லோர் முன்னாலும் அவமானப்படுத்தியவன் வீடு. அங்கே ஒரு குழந்தை சாகிறது. அடுத்த பக்கத்தில் மந்திரவாதி அந்த வீட்டு வாசலில் போய் உட்காருகிறான். அழுகிறான். நான் அதைப் படித்தபோது எல்லோரும் சங்கடமாக நெளிந்தார்கள். பிட்டர் வீட்டு அக்காதான் வாயைத் திறந்தாள்:

“கொன்னவன் அழுதா கேக்கறவங்களுக்கு என்ன லாபம்? அதைத் தள்ளிட்டு மேல படி, பாப்பா.”

எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு முகம் சுட்டது. நான் படித்தது பிடிக்கவில்லை என்று முதல்முறையாக ஒருவர் சொல்லிவிட்டார். மூன்று தாள்களைச் சேர்த்துப் புரட்டினேன். ஆறு பக்கம்.

அன்று சாயங்காலம் விட்டுவிட்ட ஆறு பக்கங்களைத் தனியாக உட்கார்ந்து படித்தேன் என்பதையும் சொல்ல வேண்டும். தெரியாமல் செய்தேன் என்று சொல்லிக்கொள்ள எனக்கு இடமில்லை. அந்தக் குழந்தையின் சாவுக்குப் பிறகு மந்திரவாதி ஒவ்வொரு முறையும் பத்தாவது வீடாகத் தன் உறவினர் வீட்டையே சொல்கிறான். முதலில் அண்ணன். பிறகு தங்கை. நகரத்தாருக்கு அது தெரியாது; அவன் யாரையோ பழிவாங்குகிறான் என்றே நினைக்கிறார்கள். அவன் கெட்டவனா நல்லவனா என்று எழுதியவர் ஓரிடத்திலும் சொல்லவில்லை. பத்து வயதில் அது எனக்குக் குறையாகப் பட்டது. எழுதியவருக்கே தெரியவில்லை, எனக்குத் தெரியும் என்று நினைத்தேன்.

ஆறு பக்கத்தை விட்டுவிட்டால் மேலே உள்ள கதை சேராது. ஆகவே மறுநாளிலிருந்து புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு நானாகவே சொல்லத் தொடங்கினேன். நன்றாக வந்தது. கண்ணை வரிமேல் ஓட்டுவேன். வாய் வேறு சொல்லும். என் மந்திரவாதிக்கு அழுகை கிடையாது. தன்னைத் திட்டியவர்களின் வீடாகப் பார்த்துப் பத்தாவது வீட்டைச் சொல்வான். அவனுக்கு ஓர் உருவம் வேண்டியிருந்தது. “இடது காலை இழுத்து இழுத்து நடந்து வந்தான்,” என்று ஒருநாள் படித்தேன். பெண்கள் எல்லோரும் ஒரே சமயத்தில் திரும்பி மருந்து மாமாவைப் பார்த்தார்கள். அப்புறம் ஒரே சிரிப்பு. அவரும் சிரித்தார். மறுநாள் என் மந்திரவாதி தோளில் ஒரு கோணிப்பையைப் போட்டுக்கொண்டான். அதற்கு மறுநாள் அவன்மேல் கசந்த வாடை அடித்தது. அதன்பின் சிரிப்பு குறைந்துவிட்டது. அவர் வரும்போது பிள்ளைகளை உள்ளே இழுத்துக்கொண்டார்கள். அவரோ வேண்டுமென்றே மெதுவாக நடந்தார். நான் கதையில் சொல்லியிருந்தபடி கைத்தடியை மூன்று முறை தரையில் தட்டினார். நாங்கள் இருவரும் சேர்ந்து ஒரு விளையாட்டு விளையாடுவதாக நினைத்திருக்க வேண்டும். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

பிட்டர் வீட்டுப் பையனுக்குத் தன் சின்ன ரஜாய் இல்லாமல் தூக்கம் வராது. பழைய சேலைத் துணியில் தைத்த சின்ன மெத்தைப் போர்வை. பச்சையில் மஞ்சள் கட்டம். அவசரத்தில் அதை லைன் வீட்டிலேயே விட்டுவிட்டார்கள். மருந்து மாமா முதலில் மறுத்தார். துணிமணி எதையும் வெளியே எடுக்கக்கூடாது, கொளுத்தத்தான் வேண்டும் என்று டாக்டர் உத்தரவு.

“என் பையன் அழறது உனக்குக் கேக்கலையா? கோழி வாங்கிக்கிட்டா மட்டும் உத்தரவு கிடையாதா? ஒத்தக் காலுக்கே உனக்கு இவ்ளோ பவுசு,” என்றாள் அக்கா, எல்லோரும் பார்க்க.

மூன்றாம் நாள் அவர் ரஜாயைக் கொண்டுவந்தார். பினாயில் தண்ணீரில் முக்கி, இரண்டு நாள் வெயிலில் காயவைத்ததாகச் சொன்னார். அக்கா வெடுக்கென்று வாங்கிக்கொண்டு போனாள். நாலைந்து நாளில் பையனுக்குக் காய்ச்சல். அரையில் நெறி கட்டியது. டாக்டர் வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. எங்கள் முகாமில் செத்தது அந்த ஒரு குழந்தைதான்.

மறுநாள் மத்தியானம் அக்கா தலைவிரிகோலமாக எங்கள் குடிசைக்கு வந்தாள். பின்னால் பெண்கள். வேலைக்குப் போகாமல் நின்றிருந்த சில ஆண்கள்.

“புஸ்தகத்தை எடு. அவனைத் திட்டினவங்க வீட்டை அவன் என்ன செஞ்சான்? அதைப் படி.”

யாரோ கற்பூரம் ஏற்றினார்கள். என் கை தானாகப் போய் அந்த இடத்தைத் திறந்தது. நான் புரட்டித் தள்ளிய பக்கம். என் கண்ணுக்கு முன்னால் இருந்தது இதுதான்: அவன் அந்த வீட்டு வாசலில் மூன்று நாள் சோறு தண்ணீரின்றி உட்கார்ந்திருந்தான். அதைப் படித்திருக்கலாம். அதைப் படித்தால், அத்தனை நாள் நான் படித்தது பொய் என்றாகிவிடும். எல்லோர் முன்னாலும். அது மட்டும்தான் அப்போது என் மனதில் இருந்தது. ஒரு மனிதரைப் பற்றி நான் நினைக்கவே இல்லை.

“திட்டினவள் வீட்டைப் பத்தாவது வீடு என்று சொன்னான்,” என்று படித்தேன். “சொல்லிவிட்டுச் சிரித்தான்.”

மருந்து மாமா அன்று சாயங்காலம் வந்தபோது எல்லோரும் காத்திருந்தார்கள். அடிக்கவில்லை. கோணியைப் பிடுங்கிக் கொளுத்தினார்கள். அதற்குள் யாருடையதோ முகம் பார்க்கும் கண்ணாடி இருந்தது. நெருப்பில் அது வெடித்த சத்தம் கேட்டது. அவர் அப்போதும் உதட்டைச் சுழித்துச் சிரிக்கப் பார்த்தார். யாரும் சிரிக்கவில்லை என்றதும் அந்தச் சிரிப்பு முகத்தில் அப்படியே நின்றுபோனது.

“நான் என்னங்க செஞ்சேன்? முக்கித்தானே கொடுத்தேன்.”

“புஸ்தகத்துல இருக்குய்யா,” என்றார் ஒருவர்.

என் அப்பா முன்னால் வந்தார். கூட்டத்தில் பேசாதவர். “என் பொண்ணு பொய் சொல்ல மாட்டா. அவ படிக்கிறவ,” என்றார்.

அப்போதுதான் மாமாவின் மனைவி, நாங்கள் அத்தை என்பவர், என்னிடம் வந்து எந்த வரியில் என்ற அந்தக் கேள்வியைக் கேட்டார். நான் ஒரு வரியைத் தொட்டேன். தொட்டது அதே வரி. அவன் மூன்று நாள் உட்கார்ந்திருந்த வரி.

அத்தை நிமிர்ந்து ஏதோ சொல்ல வாயெடுத்தார். மாமா தடுத்தார். “விடு. அச்சுல இருக்குன்னா இருக்கும். நமக்கு என்ன தெரியும்.” பிறகு என் பக்கம் திரும்பினார். கேலி இல்லாமல், உண்மையிலேயே தெரிந்துகொள்ள வேண்டியவராகக் கேட்டார். “அப்புறம் என்ன ஆகுது, பாப்பா? நம்மாளு என்ன செஞ்சா வியாதி நிக்கும்?”

அவர் என்னை நம்பினார். தன்னையே சந்தேகப்படும் அளவுக்கு நம்பினார். ஏதாவது சொல்ல வேண்டும். “மேற்கே போயிடறான். ஏழு ஏரி தாண்டி. திரும்பி வர்றதே இல்ல. அப்ப நின்னுடும்,” என்றேன்.

விடிந்தபோது அவர் இல்லை.

பங்குனி வெயில் அந்த வருஷம் முன்கூட்டியே வந்தது. எலி விழுவது நின்றது. புதிதாக ஒருவருக்கும் காய்ச்சல் இல்லை. இரண்டு வாரத்தில் குடிசைகளைப் பிரித்தார்கள். கிளம்புவதற்கு முதல்நாள் கதையை முடித்தேன், சுண்டல் செய்தார்கள், முதல் கை எனக்குத்தான். அதுவரை என்னை நான்காம் வகுப்போடு நிறுத்திவிடுவதாக இருந்தார்கள். பட்டறையில் என் அப்பாவிடம் முகம் தெரியாதவர்கள்கூட வந்து, வியாதியை நிறுத்தின பொண்ணு உங்க பொண்ணுதானா என்று கேட்டிருக்கிறார்கள். அப்பா முடிவை மாற்றிக்கொண்டார். மாரெட்பள்ளியில் இருந்த பெண்கள் பள்ளிக்கு என்னை அவரே கைபிடித்துக் கூட்டிக்கொண்டு போனார். நான் மெட்ரிக் தேறியதும், இப்போது உபாத்தியாயினிப் பயிற்சி முடித்ததும் அந்த வழியாக வந்தவைதான்.

புத்தகத்தை நான் எறியவில்லை. என் டிரங்குப் பெட்டியின் அடியில் இத்தனை வருஷமும் இருந்தது. பிறகு எவ்வளவோ மாயக் கதைகள் படித்தேன். பள்ளி நூலகத்தில் பூதம், கூடு விட்டுக் கூடு பாய்கிறவன், கிளிக்குள் உயிரை ஒளித்தவன் எல்லோரும் இருந்தார்கள். எந்த மந்திரவாதியைப் படித்தாலும் அவன் அழுகிற பக்கத்தை யாராவது கிழித்திருப்பார்களோ என்று தோன்றும். பக்க எண்களைச் சரிபார்ப்பேன்.

சென்ற மாதம் மல்காஜ்கிரி ஸ்டேஷனில் அத்தையைப் பார்த்தேன். ஒன்பது வருஷம். ஆஸ்பத்திரி ஆயா வேலையில் இருக்கிறார். என்னை அவர்தான் அடையாளம் கண்டார்.

“டீச்சரம்மா ஆயிட்டியாமே. சந்தோஷம்.” அந்தச் சந்தோஷத்தில் குத்தல் எதுவும் இல்லை. அது எனக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது.

மாமா இறந்துவிட்டதாகவே நான் நினைத்திருந்தேன். இல்லை. பட்டான்செருவில் ஒரு செங்கல் சூளையில் காவல் இருக்கிறார். மேற்கே நடந்து, ஏரிகளை எண்ணிக்கொண்டே போய், ஏழாவதைத் தாண்டியதும் அங்கே நின்றுவிட்டாராம். அத்தை மாதம் ஒருமுறை போய்ப் பார்த்துவிட்டு வருகிறார்.

“வான்னா வரமாட்டேங்கறார். நான் திரும்பினா லைன்ல மறுபடி எலி விழும், உனக்கு என்ன தெரியும், புஸ்தகத்துல இருக்குங்கறார். எனக்குத்தான் படிக்கத் தெரியாதே. இடது பக்கம், கீழிருந்து அஞ்சாவது வரி. இன்னும் கண்ணுலயே நிக்குது. அதுல அப்படித்தானா இருந்துச்சு?”

ரயில் வந்து நின்றது. நான் ஏறவில்லை. இல்லை என்று அவரிடம் சொன்னேன். அந்த வரியில் என்ன இருந்தது என்பதையும் சொன்னேன். அத்தை திட்டுவார் என்று நின்றேன். ரயில் போனது.

“எங்கிட்டச் சொல்லி என்ன பிரயோஜனம்? அவர்கிட்ட வந்து படி,” என்றார்.

அந்த வாரம் முழுவதும் எனக்கு ஒரே யோசனை. அந்த மனிதர் தான் போனதால்தான் முந்நூறு குடும்பம் பிழைத்தது என்று நம்பிக்கொண்டு சூளைப் புகையில் உட்கார்ந்திருக்கிறார். அவரிடம் மிச்சமிருப்பது அது ஒன்றுதான். நான் உண்மையைச் சொன்னால் அதையும் எடுத்துக்கொண்டு வந்துவிடுவேன். சொல்லாவிட்டால் அவர் அங்கேயே கிடந்து சாவார். எதைக் கொடுத்து எதை மீட்பது என்று என் வாயால் நானே சொல்ல வேண்டியிருந்தது. அந்தத் தாடிக்காரனை அன்றைக்கு எனக்குக் கொஞ்சம் புரிந்தது.

ஞாயிற்றுக்கிழமை அத்தையோடு பஸ் ஏறினேன். சூளையடியில் மாமா கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். முடி முழுக்க நரைத்துவிட்டது. தாடி வேறு. “பாப்பாவா,” என்றார். கட்டிலைவிட்டு எழுந்து எனக்கு இடம் கொடுத்தார். அந்த மரியாதையை நான் எங்கே கொண்டுபோய் வைப்பேன்.

கற்பூரம் எதுவும் காட்டவில்லை. முதல் பக்கத்திலிருந்து படித்தேன். ஒரு சொல்லையும் விடவில்லை. ஆறு பக்கங்களையும் படித்தேன். அண்ணன், தங்கை, பிறகு பெற்ற மகள், கடைசியில் வேறு உறவு இல்லாமல் தன் பெயரையே பத்தாவதாகச் சொல்லிவிட்டு மந்திரவாதி சாகிறான். அவன் ஒழிந்தான் என்று நகரத்தார் மணி அடிக்கிறார்கள். அத்தோடு புத்தகம் முடிகிறது. ஏழு ஏரி எங்கேயும் இல்லை.

மாமா கைத்தடியின் நுனியால் சூளைச் சாம்பலைக் கிளறினார்.

“அப்போ வியாதி எதனால நின்னுச்சு?”

“வெயில் வந்துச்சு, மாமா. வெயில் ஏறினா அது தானா நிக்கும்.”

“நான் போனதால இல்ல.”

“இல்ல.”

அத்தை முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். மாமா தலையை ஆட்டினார். பிறகு, நான் வரும் வழியெல்லாம் பயந்துகொண்டு வந்த கேள்வியைக் கேட்டார்.

“அந்தப் புள்ள? ரஜாயால வந்துதா?”

வந்திருக்கலாம். தெள்ளுப்பூச்சிதான் அந்த நோயைக் கொண்டுவருகிறது என்று பயிற்சியில் படித்திருக்கிறேன். பினாயிலும் இரண்டு நாள் வெயிலும் போதுமா, போதாதா? முகாமில் எலியே இல்லையா? இல்லை மாமா, உங்களால் இல்லை என்று சொல்லிவிட எனக்கு ஒரு நொடி போதும். அவர் நம்பியிருப்பார். நான் எது சொன்னாலும் நம்புகிறவர்.

“தெரியாது, மாமா,” என்றேன்.

“ம்,” என்றார். “எனக்கும் தெரியாது.” பிறகு, “அந்தப் புள்ளையோட அம்மா வரச் சொன்னா வர்றேன். அவங்க சொல்லாம லைன்ல காலை வெக்க மாட்டேன்,” என்றார். அத்தை எவ்வளவோ மன்றாடினார். அவர் அசையவில்லை.

பிட்டர் வீட்டு அக்காவுக்கு அதற்குப் பிறகு குழந்தை பிறக்கவில்லை. லைனில் அதே வீட்டில்தான் இருக்கிறாள். தெருவில் என்னைப் பார்க்கும்போதெல்லாம் அவள் கும்பிடுவாள்; தன் பையனின் சாவுக்குக் காரணம் சொன்னவள் நான் என்று. அந்தக் காரணத்தைப் பிடித்துக்கொண்டுதான் ஒன்பது வருஷம் அவள் நடமாடியிருக்கிறாள். அவளிடம் போய் நான் என்ன கொடுக்க முடியும்? ‘தெரியாது’ என்ற ஒரு சொல். அது மட்டும்தான்.

நேற்றுப் பட்டறைச் சங்கு ஊதி ஆண்கள் எல்லோரும் போன பிறகு, புத்தகத்தை எடுத்துக்கொண்டு அவளைப் பார்க்கப் போனேன். அவள் வீட்டுக் கதவு சாத்தியிருந்தது. தட்டினேன். யாரது என்று உள்ளேயிருந்து கேட்டாள். நான்தான் அக்கா, அந்தப் புத்தகத்தில் நான் படிக்காமல் விட்டது ஆறு பக்கம் இருக்கிறது, படிக்க வந்திருக்கிறேன் என்றேன். தாழ்ப்பாள் விலகியது.